கடைசியா என்ன சாப்பிட்டவர்?

ரொறன்ரோவில் தமிழர் யாராவது செத்துப்போனால், உடலைப் பார்வைக்கு வைக்கிற அன்று அவர் அங்கே இருப்பார். தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரத்தில் கதவைத் தட்டினால் திறக்கமாட்டார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டுத்தான் திறப்பார். "கொழும்புத்துறை ஆள் ஒருத்தர் மோசம் போயிட்டார், பிள்ளை. ஸ்காபரோவிலை வைக்கினம். நாளைக்கு வாறியே?" என்று, கலியாணத்துக்குக் கூப்பிடுவதுபோல் கேட்பார்.

நாங்கள் பார்க்டேலில் ஒரே கட்டிடத்தில் இருந்தோம். நான் நாலாம் மாடி, அவர் ஆறாம் மாடி. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, செத்தவர்களுடைய பெயர்தான் பேப்பரில் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். எல்லோருக்கும் அவர் அன்ரி. முதுகுக்குப் பின்னால் செத்தவீட்டு அன்ரி. அது அவருக்கும் தெரியும். "உண்மையைத்தானே சொல்லுகினம்" என்பார்.

பார்க்டேலுக்கும் ஸ்காபரோவுக்கும் என்ன பக்கத்துத் தெருவா? ஸ்ட்ரீட்கார், சப்வே, அதற்குப் பிறகு பஸ். பனி கொட்டினாலும் போவார். வெள்ளைச் சேலை, அதற்கு மேல் கறுப்பு விண்டர் கோட், காலில் பூட்ஸ், கைப்பையில் ஒரு சோடிச் செருப்பு. ஃபியூனரல் ஹோம் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்பை மாட்டுவார். பெட்டிக்குப் பக்கத்தில் போய் முகத்தைப் பார்ப்பார். சேலைக் கரையோ வேட்டி மடிப்போ விலகியிருந்தால் யாரையும் கேட்காமல் கையை நீட்டிச் சரிசெய்வார். அழமாட்டார். எத்தனையோ செத்தவீடுகளுக்கு அவரோடு போயிருக்கிறேன், ஒரு சொட்டுக் கண்ணீரை நான் கண்டதில்லை. பிறகு வீட்டுக்காரர்களில் மிக நெருங்கிய ஆளைத் தேடிப் பிடிப்பார். மனைவியோ மகளோ, யாராக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரேயொரு கேள்வி கேட்பார்.

"கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மானம் போய்விட்டது. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா இது? என்ன வருத்தம் வந்து போனவர், எத்தனை பிள்ளைகள், யார் கொள்ளி வைப்பது என்று கேட்கலாம். நான் அன்ரியின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஆனால் அந்த மகள், அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் பொம்மைபோல் தலையாட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"இடியப்பம் கேட்டவர், அன்ரி. ரெண்டு இடியப்பமும் சொதியும். உப்புக் காணாதெண்டு அம்மாவை ஏசிப்போட்டுத்தான் சாப்பிட்டவர்."

சொல்லும்போதே சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். அன்ரி அவளுடைய கையைத் தட்டிக்கொடுத்தார். "வடிவாச் சாப்பிட்டிருக்கிறார். அது போதும், பிள்ளை." அவ்வளவுதான், புறப்பட்டுவிட்டார். செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது, பேசாமல் எழும்பி வரவேண்டும். அதில் அவர் கண்டிப்பு. வீட்டுக்கு வந்து தலைமுழுகும்வரை பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டார்.

எல்லோரும் பதில் சொல்லிவிடுவதில்லை. மார்க்கம் நகரில் ஒரு தகப்பனுடைய செத்தவீட்டில், கோட்சூட் போட்ட மகன் "எக்ஸ்கியூஸ் மீ?" என்று முறைத்தான். அன்ரி விடவில்லை, மெல்லமாக இன்னொரு தடவை கேட்டார். அவன் யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை. முறைப்பெல்லாம் போய், பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளையின் முகமாக அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அன்ரி அவன் முதுகைத் தடவினார்.

"பரவாயில்லை, தம்பி. எனக்கும் தெரியாது."

அவனுக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அன்று பின்னேரம் அவர் முழுகிவிட்டு, ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி போட்டபோது கேட்டேன். "என்ன அன்ரி தெரியாது?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் முதலில் கனடாவுக்கு வந்துவிட்டார். அகதிக் கேஸ் சரிவந்ததும் கணவரைக் கூப்பிடுவதாக ஏற்பாடு. அதற்குள் ஊரில் சண்டை பெருத்தது. இடம்பெயர்ந்து போன கணவர், வன்னியில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் வீட்டில் காய்ச்சல் வந்து செத்துப்போனார். செய்தி கைமாறிக் கைமாறி ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் கிரியை செய்கிற நாளே கடந்துவிட்டது.

"கேட்டன், முழுகினன், வேலைக்குப் போனன்" என்றார் அன்ரி. "பிறகென்ன செய்யிறது? கேஸ் முடியாமல் கனடாவை விட்டு வெளிக்கிடேலாது. ஆபீசிலை மேசை துடைச்சுக்கொண்டு அழேலுமே?"

எங்களுடைய ஆட்கள் எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். இறைச்சி பிடிக்குமென்றால் இறைச்சி, சுருட்டுப் பிடிக்குமென்றால் சுருட்டு. அன்ரியின் கணவருக்கு உயிரே மாம்பழம்தான். சாறு முழங்கைவரைக்கும் வழிய வழியத் தின்பாராம். "அந்த வீட்டுக்காரருக்கு அது எப்பிடித் தெரியும்? எட்டுச் செலவு செய்திச்சினமோ, இல்லையோ. காய்ச்சலிலை கிடந்த மனுசனுக்கு ஒரு வாய் கஞ்சி ஆரும் குடுத்தவையோ, பட்டினியாத்தான் போனாரோ." லண்டன், பாரிஸ், சுவிஸ் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து விசாரித்திருக்கிறார். அந்த நேரத்தில் கூட இருந்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. சண்டை முடிந்த பிறகாவது ஒருமுறை போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். "போய் ஆரின்ரை கதவைத் தட்டிறது?" என்றார்.

எகிப்துக் கதை தொடங்கியது டவுன்ரவுனில் இருக்கிற மியூசியத்தில். எங்கள் பக்கத்து முதியோர் குழுவைக் கூட்டிப்போனார்கள், எனக்கு அன்று லீவு, உதவிக்குப் போனேன். மற்றவர்கள் கன்ரீனைத் தேடிப் போய்விட்டார்கள். அன்ரி ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"உது ஆர், பிள்ளை?"

"மம்மி அன்ரி. எகிப்திலை செத்த ஒரு பொம்பிளை. மூவாயிரம் வருசம் இருக்கும்."

"உண்மையான ஆளோ?"

"ஓம்."

உடனே கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கண்ணாடியில் ஒட்டியிருந்த குறிப்பைக் காட்டி, "கடைசியா என்ன சாப்பிட்டவ எண்டு போட்டிருக்கே?" என்றார். வாசித்துப் பார்த்தேன். பல்லைப் பற்றி இருந்தது, சுற்றிய துணியைப் பற்றி இருந்தது. சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். "எவ்வளவு சனம் வந்து பாக்குது. ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். அன்று பின்னேரமே எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"எகிப்துக்கு எப்பிடிப் போறது?"

"என்னத்துக்கு அன்ரி?"

"செத்தவீட்டுக்குத் துக்கம் கேக்கத்தான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு என்னை அரித்துக்கொண்டே இருந்தார். என் சிநேகிதியும் நானும் எகிப்துக்கு ஒரு சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தோம், அவள் கர்ப்பமாகிப் பயணத்தைக் கைவிட்டதும் அந்த இடம் அன்ரிக்கு வந்தது. கனடா பாஸ்போர்ட் வைத்திருந்தார், உள்ளே ஒரு முத்திரையும் விழாத பாஸ்போர்ட். புரட்டாதி மாதம், வெயில் வாட்டும் என்று சொன்னேன். தொப்பி வாங்கினார். ஆனால் சூட்கேஸ் நிறைய வெள்ளைச் சேலைதான். மற்றவர்கள் சுற்றுலாவுக்குப் பூப்போட்ட சட்டை கொண்டுபோவார்கள், இவர் துக்கத்துக்குப் போகிற உடுப்போடு வந்தார்.

லக்சரில் நைல் நதியைக் காட்டினேன். "உதோ நைல்? எங்கடை வீட்டடி லேக் உதைவிடப் பெரிசு" என்றார். பார்க்டேல்காரரின் பெருமை அவருக்கு அங்கே போன பிறகுதான் வந்தது.

காலையில் மன்னர்களின் பள்ளத்தாக்கு. சரிவான பாதையில் மலைக்குள்ளே இறங்கிப் போனால், அடியில் ஒரு கல்லுப்பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை. "ஆள் எங்கை?" என்றார் அன்ரி. எங்களைக் கூட்டிப்போன கைட், நல்ல பொறுமையான இளைஞன், கெய்ரோவில் இருப்பதாகச் சொன்னான். அடுத்த கல்லறையில் இறங்கினோம். ஆள் எங்கே? ஐரோப்பாவில் ஏதோ மியூசியத்தில். அன்ரி பெருமூச்சு விட்டார்.

"எல்லாரும் வெளிநாடு போயிட்டினம். கேஸ் சரிவந்திருக்கும்."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆனால் சுவர்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரொட்டி, தாரா, வெங்காயம், கொடிமுந்திரிகைக் குலை, குடம் குடமாகக் குடிவகை, எல்லாம் நிறம் மங்காமல் தீட்டப்பட்டிருந்தன. செத்தவர் பசி கிடக்கக்கூடாது, படைக்க ஆள் இல்லாத காலத்திலும் இந்தப் படங்கள் அவருக்குச் சாப்பாடு போடும் என்பது இவர்களுடைய நம்பிக்கை என்றான் கைட். அதை என்னிடம் இரண்டாம் தரமும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். "பாத்தியே, பிள்ளை" என்றார். "இவையளுக்குத் தெரிஞ்சிருக்கு."

மத்தியானம் கோயிலுக்குப் போகவேண்டும். அங்கேதான் சண்டை. செத்தவீட்டுக்குப் போய்விட்டு முழுகாமல் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது என்று பஸ்சுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். இது இடிந்த கோயில், சாமி கும்பிட்ட காலமெல்லாம் போய்விட்டது என்று கைட் எடுத்துச் சொன்னான்.

"சாமி போனால்? கோயில் கோயில்தானே" என்றார் அன்ரி.

ஹோட்டலுக்குத் திரும்பிப் போய்க் குளிக்க நேரமில்லை. பஸ்சுக்குள் எல்லோரும் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். அன்ரி என் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பறித்து, மூடியைத் திருகி, நடு வாகனத் தரிப்பிடத்தில் சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். ஜெர்மன்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்தார். பிரமிட்டுகளோடு சேர்த்து எங்கேயோ ஒரு அல்பத்தில் அன்ரியும் இருப்பார்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினார். சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கொதிக்கிற கல்லில் குதித்துக் குதித்துப் போய், வானத்தை முட்டுகிற தூண்களைப் பார்த்தபடி நாங்கள் வாய் பிளந்து நின்ற நேரத்தில், அவர் தனியாக முழுக் கோயிலையும் வலம்வரப் புறப்பட்டுவிட்டார். அவரைத் தேடிப்பிடித்தபோது உள்ளங்காலெல்லாம் கொப்பளம். பின்னேரம் ஹோட்டலில் கால்களுக்கு மருந்து பூசிக்கொண்டே ஏசினேன். உங்களோடு வந்தது என் பிழை, அடுத்த பிளேனில் ஏற்றி அனுப்புகிறேன் என்றெல்லாம் சொன்னேன். காலை நீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"பேசு, பேசு. ஆனால் நாளைக்கு அந்தச் சின்ன ஆக்களின்ரை இடத்துக்குப் போகவேணும்."

அரசர்களுக்குக் கீழே வேலை செய்த அதிகாரிகள், எழுத்தர்கள், அவர்களுடைய கல்லறைகள் பக்கத்து மலைச்சரிவில் இருக்கின்றன என்று கைட் போகிறபோக்கில் சொல்லியிருந்தான். அது எங்கள் பயணத் திட்டத்தில் இல்லை. "ராசாக்களைப் பாக்க ஊர்ச்சனமெல்லாம் வரும். சின்ன ஆக்களிட்டை ஆர் வருவினம்?" என்றார்.

மறுநாள் கூட்டத்தை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் மட்டும் போனோம். போகிற வழியில் சந்தையில் ராக்சியை நிறுத்தச் சொல்லி, முகர்ந்து முகர்ந்து ஒரு மாம்பழம் வாங்கினார். வழியில் தின்னத்தான் என்று நினைத்தேன்.

மலையில் ஒரு சிறிய கல்லறை. எங்களைத் தவிர அங்கே இருந்தவர் வயதான காவல்காரர் ஒருவர்தான், நீளமான அங்கி, தலைப்பாகை. உள்ளே ஒரே அறை. சுவரில் ஒரு புருஷனும் பெண்சாதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள், அவள் ஒரு கையை அவன் தோளில் போட்டிருக்கிறாள். அவர்களுக்கு முன்னால் ஒரு மேசை, மேசை கொள்ளாமல் சாப்பாடு. அன்ரி அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு காவல்காரர் பக்கம் திரும்பி, நல்ல தமிழில் கேட்டார்.

"கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

காவல்காரருக்கு என்ன விளங்கியதோ, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதுபோல் சுவரில் இருந்த மேசையைக் கையால் காட்டிச் சிரித்தார். அன்ரி தலையாட்டினார். கைப்பையைத் திறந்தார். ஹோட்டல் துடைப்புத்தாளில் சுற்றிய மாம்பழத்தை எடுத்து, குனிந்து, சுவருக்குக் கீழே தரையில் வைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

"நோ மேடம், நோ ஃபுட்" என்று காவல்காரர் ஓடிவந்து பழத்தை எடுத்து அன்ரியிடம் நீட்டினார். அன்ரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "படைச்சதைத் திருப்பி வாங்கக்கூடாது எண்டு சொல்லு, பிள்ளை." எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். தோளைக் குலுக்கிவிட்டுப் பழத்தோடு வெளியே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

காவல்காரர் வாசல் நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். இடுப்பில் இருந்து சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, பழத்தை வெட்டித் தின்னத் தொடங்கினார். நல்ல பசி போல. சாறு மணிக்கட்டில் வழிந்தது, முழங்கைக்கு ஓடியது. அங்கியின் கையை மேலே தள்ளிவிட்டு அதை நக்கினார்.

ஊரில் படைத்த சோற்றைக் கூரையில் வைத்துவிட்டுக் காகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்போம். காகம் கொத்தினால்தான் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று மனம் ஆறும். அன்ரி வெயிலில் அப்படித்தான் நின்றார்.

"சாப்பிடுறார், பிள்ளை."

"ஓம் அன்ரி."

"கொட்டையைச் சூப்பிறார், பார். அப்பிடியே பார்."

அதற்குப் பிறகு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் எந்தச் செத்தவீட்டிலும் கேட்டதில்லை. மலைச்சரிவில் குந்திவிட்டார், நெஞ்சில் அடித்தார். "இஞ்சாருங்கோ" என்று கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, பசியோடை போனியளோ எண்டு எவ்வளவு காலம் இருந்திட்டன்." காவல்காரர் பயந்துபோய் எழும்பி, மிச்சப் பழத்தைக் கொண்டுவந்து நீட்டினார். தன்னிடம் இருந்து பறித்துவிட்டார்கள் என்று அழுகிறாள் என நினைத்திருப்பார், பாவம். அன்ரி தலையை ஆட்டி ஆட்டி, "நீங்கள் சாப்பிடுங்கோ, நீங்கள் சாப்பிடுங்கோ" என்றார். நானும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். ஏன் என்று தெரியாமலே அந்தக் காவல்காரரும் கண்ணைத் துடைத்தார்.

இறங்கி வரும்போது பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தி, "போயிட்டு வாறன்" என்றார். செத்தவீட்டில் அப்படிச் சொல்லக்கூடாதே என்று நான் நினைவுபடுத்தவில்லை. ஹோட்டலுக்கு வந்து முழுகினார். "சரியாப் பசிக்குது" என்று சொல்லி, ரொட்டியும் அவித்த அவரை விதையுமாக ஒரு வெட்டு வெட்டினார்.

ரொறன்ரோவுக்கு வந்த பிறகு செத்தவீட்டுக்குப் போவதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் யாராவது தெரியாது என்று தலைகுனிந்தால், எனக்கும் தெரியாது என்று இப்போது சொல்வதில்லை. "யோசியாதையுங்கோ, ஆரும் குடுத்திருப்பினம்" என்பார்.

போன மாரியில் அவரும் போய்விட்டார். நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரியில் படுத்தவர், எழும்பவில்லை. யூனியன்வில்லில் இருக்கிற பெறாமகன் முறையான தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் குறைவில்லாமல் செய்தார். அதே ஸ்காபரோ ஃபியூனரல் ஹோம். நான் கைப்பையில் செருப்புக் கொண்டுபோனேன். சேலைக் கரை சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒருமுறை இழுத்துவிட்டேன். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் வாசலைப் பார்த்தபடி நின்றேன்.

சனம் வந்தது. என்ன வயது என்று கேட்டார்கள். என்ன வருத்தம், பிள்ளைகள் இல்லையா, கடைசி நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தது என்று கேட்டார்கள். ஆறாம் மாடி வீடு இனி யாருக்கு என்றும் ஒருவர் கேட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். பெட்டியை மூட வந்தபோதும் வாசலைப் பார்த்தேன். அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கிற ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

அவர் இல்லாமல் எனக்குச் சரியான கஷ்டமாக இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் இன்றைக்கும் கை ஆறாம் இலக்கத்துக்குப் போகிறது. வானொலியில் மரண அறிவித்தல் போனால், யாராவது கதவைத் தட்டி வாறியே என்று கேட்கமாட்டார்களா என்று இருக்கிறது.

அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் ஆஸ்பத்திரிக்குப் புட்டும் மாம்பழமும் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "வாசமே போதும், நீ சாப்பிடு" என்றார். ஆஸ்பத்திரித் தட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கோப்பை ஜெலி இருந்தது, அதை ஊட்டச் சொன்னார். "உதென்ன சாமான், பிள்ளை, வழுக்கிக்கொண்டு தானே ஓடுது" என்று சிரித்துச் சிரித்து முழுவதையும் சாப்பிட்டார். இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார். நான் நேர்ஸிடம் வாங்கிக்கொண்டு வந்தபோது கண்ணை மூடியிருந்தார்.

"அதிலை வை, பிள்ளை" என்றார். "நாளைக்குச் சாப்பிடுறன்."